ஊசியும் நூலும் ஒரு மணி நேர ஓய்வும்

கடைத்தெருவுக்குப் போனால் கால் மணி நேரத்தில் குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கி வந்துவிடலாம். நிறமும் பூவேலையும் நம் விருப்பம்போல் கிடைக்கின்றன. அப்படியிருக்க, துணி எடுத்து, அளந்து, வெட்டி, நூல் கோத்து, இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து ஒரு சிறு சட்டை தைப்பது வீண் வேலையன்றோ? உற்றாரும் அயலாரும் எங்களைப் பார்த்து அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

நாங்கள் இப்பள்ளியில் பயின்றவர்கள். இன்று எங்கள் பெண்மக்களையும் இங்கேயே படிக்க வைத்திருக்கும் தாய்மார் நால்வர். சனிக்கிழமை பிற்பகலில் ஒருத்தி வீட்டில் கூடி, பிள்ளைகளுக்கு உடை தைப்பது எங்கள் வழக்கம். இதனைப் பொழுதுபோக்கு என்றே சொல்கிறோம். கடமை என்று சொல்வதில்லை. ஏன் என்பதை இம்மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கனத்துக்காகத் தைக்கிறோம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றரை மீட்டர் பாப்ளின், நூல்கண்டு, லேஸ், பொத்தான் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஆயத்த ஆடையே பல வேளைகளில் மலிவாக இருக்கிறது. எங்கள் பாட்டிமார் காலத்துக் கணக்கு வேறு. பண்டிகைக்கு ஒரே தானில் துணி எடுப்பார்கள். அக்காளுக்குப் பாவாடை, தங்கைக்குக் கவுன், தம்பிக்குச் சட்டை, மீந்த துண்டில் தலையணை உறை என எல்லாம் அதிலிருந்தே வரும். தெருவில் நடந்தால் இன்னார் வீட்டுப் பிள்ளைகள் என்று துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். பட்டுப் பாவாடையில் நான்கு டக் பிடித்து வைப்பார்கள். பிள்ளை வளர வளர, ஆண்டுக்கொரு டக்கைப் பிரித்து விடுவார்கள். பிரித்த இடத்தில் மட்டும் பட்டின் நிறம் புதிதாக, ஒரு கோடுபோல் பளிச்சென்று தெரியும். அந்தக் கோடுகளை எண்ணினால் பிள்ளை எத்தனை ஆண்டு அந்தப் பாவாடையை உடுத்தினாள் என்று அறியலாம். அது தேவையால் வந்த கலை. அந்தத் தேவை இன்று நம்மில் பலருக்கு இல்லை. ஆகவே, தைப்பதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

எங்களுக்கு அந்தக் காரணம் ஓய்வு. சும்மா இருப்பதுதான் ஓய்வு என்று பலர் எண்ணுகின்றனர். சும்மா இருக்கும்போதுதான் மனம் அதிகமாக ஓடுகிறது; பால் கணக்கு, பரீட்சை மதிப்பெண், மாமியாரின் மருந்து என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வருகிறது. கைப்பேசியைக் கையில் எடுத்தாலோ ஊரார் கவலையும் சேர்ந்துகொள்கிறது. தையல் அப்படியன்று. கண் ஒரு கோட்டின்மேல் நிற்க வேண்டும்; கை துணியைப் பிடிக்க வேண்டும்; கால் மிதியை ஒரே சீராக மிதிக்க வேண்டும். மூன்றுக்கும் வேலை இருப்பதால் மனம் தானாகவே அடங்குகிறது. வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை முடிவதே இல்லை; துலக்கிய பாத்திரம் மாலையில் மீண்டும் அங்கணத்தில் கிடக்கும். தைத்த ஓரமோ தைத்தபடியே இருக்கிறது. "இது முடிந்தது" என்று சொல்லக்கூடிய ஒரு பொருளை நாளின் முடிவில் கையில் எடுத்துப் பார்ப்பது சிறிய ஆறுதல் அன்று.

எடுத்த எடுப்பிலேயே இந்த அமைதி எங்களுக்குக் கிடைத்துவிடவில்லை. எங்களில் ஒருத்தி தன் குழந்தையின் முதலாவது பிறந்த நாளுக்கென்று முதன்முதலாக ஒரு கவுன் தைத்தாள். மார்பளவு சரி, நீளம் சரி, கையும் அழகாகச் சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. காலையில் குழந்தைக்கு மாட்டப் போனால் கவுன் தலையில் இறங்கவில்லை! குழந்தையின் அழுகை ஒரு பக்கம், தாயின் அழுகை மறு பக்கம். நடந்தது என்னவென்றால், ஒரு வயதுக் குழந்தையின் மார்பு ஏறத்தாழ 18 அங்குலம் சுற்றளவு இருக்கும். தலையும் ஏறத்தாழ அதே அளவு இருக்கும். பெரியவர்களின் உடம்பைப் பார்த்தே பழகிய நாம் இதை நினைப்பதில்லை. கழுத்தை 12 அங்குலச் சுற்றில் வெட்டிவிட்டால் அதற்குள் 18 அங்குலத் தலை எப்படி நுழையும்? முதுகுப் பக்கம் நான்கு அங்குலம் திறப்பு விட்டு, பட்டி வைத்து, பொத்தானோ கொக்கியோ தைத்திருந்தால் போதும். அன்று அந்தக் கவுனின் முதுகைக் கத்தரித்து, ஊக்குக் குத்தியே விழா நடந்தது. நிழற்படத்தில் குழந்தையின் முன்பக்கம் மட்டும் இருப்பதன் இரகசியம் எங்கள் நால்வருக்கே தெரியும்.

அந்தத் தோல்விக்குப் பின் நாங்கள் கற்ற சிலவற்றைத் தொடங்குவோர் நன்மைக்காகச் சொல்கிறோம். பருத்தித் துணியை வெட்டுமுன் தண்ணீரில் நனைத்து உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லையேல் தைத்த பிறகு சுருங்கும். பழைய செய்தித்தாளில் முதலில் வரைந்து வெட்டிப் பார்க்க வேண்டும்; தாள் கெட்டால் நட்டமில்லை. கவுனின் பாவாடைப் பகுதிக்கு யோக்கின் சுற்றளவைப்போல் இரு மடங்கு துணி விட்டால் சுருக்கம் நிறைவாக விழும். ஓரத்தில் இரண்டு அங்குலமாவது உள்மடிப்பு விட்டு எம்மிங் செய்தால் அடுத்த ஆண்டும் உடை உதவும். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியே ஏற்றது; நைலான் போன்றவை அடுப்பண்டை தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பச்சைக் குழந்தையின் சட்டையில் கழுத்தைச் சுற்றி நாடா வேண்டாம். பொத்தானையும் நான்கைந்து முறை நூல் ஓட்டி இறுக்கித் தைக்க வேண்டும், பிடுங்கினால் நேரே வாய்க்குத்தான் போகும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி உண்டு. நாளைக் காலை விழாவுக்கு என்று இன்றிரவு பதினொரு மணிக்குத் தையல் மிஷின்முன் உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் நூல் அறும், பாபின் சிக்கும், ஊசி முறியும். அன்று தையல் ஓய்வன்று, வாதை. தேதி குறிக்காமல் தைப்பவருக்கே அது பொழுதுபோக்கு.

நாம் மிதிக்கும் இந்த மிஷினுக்கும் ஒரு கதை இருக்கிறது. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலமி திமோனியே 1830இல் ஒரு தையல் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர்கள் பாரிஸில் அவருடைய பட்டறையில் புகுந்து பொறிகளை உடைத்தெறிந்தனர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். இயந்திரங்களைக் குறித்து மிகுந்த ஐயம் கொண்டிருந்த காந்தியடிகளே, 1924இல் நடந்த ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து வருந்துவதைக் கண்ட அன்பினால் பிறந்த கருவி அது என்பது அவர் கூறிய காரணம். கதை எப்படியாயினும், ஒரு பெண்ணின் உழைப்பைக் குறைப்பதே ஒரு பொறிக்குப் பெருமை என்று அவர் கருதியது எங்களுக்கு உடன்பாடானது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். "பெண்களைப் படிப்பிலிருந்து தடுத்து ஊசியோடு உட்கார வைத்த காலம் போய்விட்டது, மீண்டும் அங்கேயே அழைத்துப் போகிறீர்களா?" என்று எங்கள் மகளிரே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் ஊர்க் கடைவீதியைச் சற்றுப் பாருங்கள். தையல் கடைகளில் மிஷினின்முன் இருப்பவர் பெரும்பாலும் ஆடவர். கூலி கிடைக்கும் இடத்தில் தையல் ஆண்பிள்ளைத் தொழில். கூலியில்லாத வீட்டுக்குள் மட்டும் அது பெண்ணுக்குரிய நற்குணம்! இந்த ஓரவஞ்சனையை நாங்கள் ஏற்கவில்லை. பெண்ணாய்ப் பிறந்ததால் தைத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சிறுமியையும் வற்புறுத்தக் கூடாது. பையனுக்கும் தன் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். விருப்பத்தோடு எடுத்தால்தான் ஊசி ஓய்வு தரும். பிறர் கட்டாயத்தால் எடுத்தால் அது குத்தவே செய்யும்.

ஆனால் வேண்டாமென்று தள்ளுவதற்கும் ஒரு முறை செய்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா? தைத்துப் பார்த்தவருக்குக் கிடைக்கும் இன்னொரு பேறு, பிறர் உழைப்பின் மதிப்பை அறிவது. ஒரு காலரை இரு முனையும் ஒத்து வரும்படி திருப்பித் தைக்க எங்களுக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. அதன் பிறகு தையற்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாக வழங்கும் சீருடைகளை, மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தங்கள் வீட்டு மிஷின்களில் தைத்துத் தருகின்றனர். அந்தச் சீருடையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு தாயின் முதுகுவலி இருக்கிறது. 2013 ஏப்ரல் 24ஆம் நாள் வங்காள தேசத்தில் டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்தது. அங்கிருந்த ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்தவர்களுள் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடையில் தொங்கும் கவுனைக் கையால் தடவிப் பார்க்கும்போது, "இதன் தையலில் யார் கண்ணின் ஒளி போயிற்று?" என்று கேட்கும் மனம், தானே ஒரு தையல் போட்டவளுக்கு எளிதில் வருகிறது. ஆயத்த ஆடையே வாங்கக் கூடாது என்பது எம் கருத்தன்று; அதை நம்பியும் பல்லாயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. அளவோடு வாங்குவோம், வாங்கியதை நெடுநாள் காப்போம், கிழிந்தால் தைத்து உடுத்துவோம் என்பதே நாங்கள் வேண்டுவது.

வேதாகமத்தில் எங்களுக்கு மிகப் பிடித்த ஓர் இடம் உண்டு. அன்னா நெடுநாள் வேண்டிப் பெற்ற மகன் சாமுவேலைச் சீலோவில் ஆண்டவருடைய பணிக்கென்று விட்டுவிட்டு வருகிறாள். பிறகு ஆண்டுதோறும் பலி செலுத்தப் போகும்போது, ஒரு சிறிய மேலாடையைத் தைத்து அவனுக்குக் கொண்டு போகிறாள். பள்ளியில் இதைக் கேட்ட நாளில் ஒன்றும் தோன்றவில்லை. இன்று ஒரு கேள்வி தோன்றுகிறது: கண்முன் இல்லாத பிள்ளைக்கு அவள் எப்படி அளவு எடுத்திருப்பாள்? எங்களில் ஒருத்தியின் மூத்த மகள் சென்ற ஆண்டு வெளியூர் விடுதியில் சேர்ந்தாள். அவளுக்குப் பாவாடை தைக்கும்போது, "இவ்வளவு வளர்ந்திருப்பாளா, இன்னும் ஓர் அங்குலம் கூட்டவா?" என்று அந்தத் தாய் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். நாங்களும் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். கடைசியில் இரண்டு டக் பிடித்து அனுப்பினாள். மகள் விடுமுறையில் வந்தபோது ஒரு டக் பிரிக்கப்பட்டிருந்தது. தானே பிரித்தாளாம், இப்பள்ளியின் தையல் வகுப்பில் கற்றதாம்.

ஆகவே, பெற்றோருக்கும் ஆசிரியைகளுக்கும் எங்கள் விண்ணப்பம் ஒன்று உண்டு. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது தையல் வகுப்பு என்பதைப் பல பள்ளிகளில் காண்கிறோம். வாரத்துக்கு ஒரு மணி நேரத்தால் எந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணும் குறைந்துவிடாது. அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு வாழ்நாள் முழுவதும் ஓய்வெடுக்க ஓர் இடம் தரும். அதை அவளுக்கு விட்டுவையுங்கள்.

மாணவிகளே, உங்களுக்கும் ஒரு சொல். இந்தக் கோடை விடுமுறையில் ஒரே ஒரு ஜபலா தைத்துப் பாருங்கள். தாத்தாவின் பழைய வேட்டித் துண்டு போதும். பலமுறை தோய்த்த துணியைவிடப் பச்சைக் குழந்தைக்கு மெத்தென்றிருப்பது வேறில்லை. உங்கள் வீட்டில் குழந்தை இல்லையென்றால் அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் கட்டாயம் இருக்கும். தையல் கோணினால் கலங்க வேண்டாம். குழந்தை அதைக் குறை சொல்லாது. தலை நுழைகிறதா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.