மூன்று ஏழு

கணபதியில் நண்பர் ஒருவர் பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறார். ஆபீஸ் மூலையில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். இருபது வருஷத்து டிராயிங் எல்லாம் அதில்தான். இடம் போதாமல் புது ஹார்ட் டிஸ்க் மாட்டினார்கள். மற்ற கம்ப்யூட்டர்களில் ஃபோல்டர் தெரிகிறது, சேவ் செய்தால் 'அனுமதி இல்லை'. சர்வீஸ் பையன் வந்தான், 'சிஎச்மாட் 777' என்று தட்டினான், காபி குடித்தான், போனான். ''அஞ்சே நிமிசமுங்க!'' என்று நண்பருக்கு ஒரே பூரிப்பு.

எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த மூன்று ஏழு என்ன தெரியுமா? படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. முதல் ஏழு சொந்தக்காரருக்கு, அடுத்தது அவர் குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைப்பதற்குப் பெயர் ரிப்பேரா?

இங்கே கதவு இரண்டு. ஒன்று, விண்டோஸ் கம்ப்யூட்டர்களோடு பேசும் சாம்பா. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிவைத்த இலவச மென்பொருள். இன்னொன்று, டிஸ்க்கின் சொந்த அனுமதி. புதிதாக ஃபார்மேட் செய்த லினக்ஸ் டிஸ்க்குக்கு வழக்கமாக 'ரூட்'தான் எஜமான். சாம்பா சரி என்றாலும் டிஸ்க் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

''எங்க ஆபீஸ்ல யாருங்க திருடறாங்க?'' என்பீர்கள். திருட்டை விடுங்கள். கை தவறி அழித்தால்? நெட்வொர்க் ஃபோல்டரில் அழித்தது பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போயே போச்சு. 2017 மே மாதம் சாம்பாவிலேயே ஒரு ஓட்டை வெளியானது. எழுத அனுமதியுள்ள ஷேரில் ஒரு ஃபைலைப் போட்டு, சர்வரையே அதை இயக்க வைக்கலாம். திருத்தம் உடனே வந்தது, வாஸ்தவம். ஆனால் எழுத உரிமையே இல்லாதவனுக்கு அந்த வழி கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

சரியான வைத்தியம் இன்னொரு பத்து நிமிஷம். டிராயிங் தொடும் நாலு பேருக்கு ஒரு குழு. ஃபோல்டரை அந்தக் குழுவின் பெயருக்கு மாற்றி 2770. முன்னால் நிற்கும் அந்த 2, உள்ளே உருவாகும் புது ஃபைல்களையும் அதே குழுவில் சேர்க்கும். அவற்றில் குழு எழுதலாம் என்று சாம்பாவுக்கும் ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. அஞ்சு நிமிஷத்தைப் பாராட்டிக் காசு கொடுப்பது நாம்தான். அடுத்த முறை பணத்தை நீட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ''ஏந்தம்பி, யாரு யாருக்குத் தொறந்து உட்டிருக்கீங்க?''