குடிபோகுமுன் ஒரு பகற்பொழுது

வாசகர் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர், கல்லூரி ஆசிரியர். திருத்தணி அரசு கலைக் கல்லூரிக்கு அவருக்கு மாற்றல் ஆணை வந்துள்ளது. மனைவி, எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், எழுபது கடந்த தந்தையார் ஆகியோருடன் குடிபெயர வேண்டும். நாம் சில காலம் அவ்வூரில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவில் வைத்திருந்து, எப்பகுதியில் வீடு பார்ப்பது நலம் என்று கேட்கிறார். தரகர் ஒருவர் ஆறு வீடுகளின் படங்களைக் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கிறாராம். அவற்றுள் ஊருக்கு வெளியே புதிய மனைப்பிரிவில் உள்ள வீடே அவர் மனத்தைக் கவர்ந்திருக்கிறது. அகலமான சாலை, வண்டி நிறுத்த இடம், இரண்டு குளியலறைகள். வாடகையோ ஊருக்குள் இருப்பதைவிடக் குறைவு. இன்னும் என்ன வேண்டும் என்று வினவுகிறார்.

இதே வினாவை நாமும் ஒரு காலத்தில் வினவியவர்களே. ஆகையால் இம்மாதம் இப்பக்கத்தை அவருக்கே ஒதுக்குகிறோம்.

திருத்தணியை மலைக்கோயிலால் மட்டும் அறிந்தவர் பலர். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. ஆண்டின் நாள்களைப் போல 365 படிகள். ஆடிக் கிருத்திகையில் பூக்காவடிகள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழா. ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு அது வேறோர் ஊர். சென்னையிலிருந்து இருப்புப் பாதை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அரக்கோணமோ மிக அண்மை. சென்னையிலிருந்து சில மின்சார ரயில்கள் நேரே வருகின்றன. மற்ற வேளைகளில் அரக்கோணத்தில் மாற வேண்டும். இதனால் திருத்தணியில் வேலை பெறுவோருள் பலர் திருவள்ளூரிலோ ஆவடியிலோ குடியிருந்துகொண்டு, சீசன் டிக்கெட்டுடன் நாள்தோறும் வந்து போவதுண்டு. ஊர் அவர்களைக் காலையில் பெற்று மாலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நம் வாசகர் அவ்வாறு செய்யாமல் அங்கேயே குடும்பத்துடன் தங்க எண்ணியதற்காக அவரைப் பாராட்டுகிறோம். வந்துபோகும் ஆசிரியரை மாணவர்கள் வகுப்பறையில் மட்டுமே காண்பர். உள்ளூரில் தங்குபவரையோ காய்கறிக் கடையிலும் காண்பர். அது இருவருக்கும் நல்லது.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் தமிழகத்தின் வெப்பமிகு ஊர்களை வானொலி அறிவிக்கும்போது, வேலூருடன் திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். மே மாதத்தில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கே புதுமையன்று. படத்தில் வெப்பம் தெரியாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைகள் இரவு பதினொரு மணி வரை அனலைக் கக்கும். கீழ்த்தளமும், மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரமும் கிடைத்தால் இரண்டாவது குளியலறையைத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

தஞ்சையிலிருந்து வருவோர்க்கு வியப்பளிக்கக்கூடியது ஒன்றுண்டு: பல இல்லங்களில் தெலுங்கு பேசப்படுவது. 1953 இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் அங்கே சென்றுவிட்டது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், படாஸ்கர் அவர்களை நடுவராகக் கொண்ட பேச்சும், பின்னர் இயற்றப்பெற்ற சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் நாளன்று அதைச் சென்னை மாநிலத்திற்குக் கொணர்ந்தன. மாற்றாகச் சில சிற்றூர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. கோடு நகர்ந்தது, உறவு நகரவில்லை. இன்றும் நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பவர்கள் இங்கே உண்டு. 1888 இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்களும் தெலுங்கு பேசும் குடும்பத்தவரே. அவர் திருப்பதியிலும் வேலூரிலும் பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றதை நினைக்கும்போது, படிப்புக்காகப் பெட்டி கட்டுவது அவ்வூருக்குப் பழகிய செயலே என்று தோன்றுகிறது.

இனி நம் கதைக்கு வருவோம்.

2009 ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாம் திருத்தணிக்குக் குடிபோனோம். கணவன், மனைவி இருவருக்கும் அலுவலகப் பணி. மகள் பள்ளி மாணவி. நம் அன்னையாரும் உடனிருந்தார். திண்டுக்கல்லில் ஐம்பதாண்டுக் காலம் ஒரே தெருவில் வாழ்ந்தவர். வீடு தேடிய முதல் நாளிலேயே ஒரு வீட்டுக்காரர், "கவுச்சி சமைப்பீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றோம். மறுபேச்சின்றிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். நமக்கு வருத்தமில்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பொய் சொல்லிக் குடிபுகுந்திருந்தால் ஞாயிறுதோறும் சன்னல்களைச் சாத்திக்கொண்டு குழம்பு வைக்க நேர்ந்திருக்குமே! முதலிலேயே கேட்டவர் நமக்கு நன்மையே செய்தார்.

இரண்டாம் நாள் ஊருக்கு வெளியே ஒரு புதிய வீட்டைக் கண்டோம். வாசகரின் மடலில் உள்ள வீட்டைப் போன்றதே. மாலை ஆறு மணிக்குப் பார்த்தோம், இதமான காற்று, தொலைவில் மலையின் விளக்குகள். அரை மணி நேரத்தில் முன்பணம் கொடுத்துவிட்டோம். அந்த அரை மணியும் வீட்டுக்கு மாலையில் திரும்புபவர்களின் அரை மணி என்பது அப்போது நமக்கு உறைக்கவில்லை.

காலை எட்டரைக்கு நாம் மூவரும் புறப்பட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவோம். இடைப்பட்ட ஒன்பதரை மணி நேரமும் அவ்வீடு அன்னையாருக்கு மட்டுமே உரியது. சுற்றிலும் எல்லைக்கல் நட்ட வெற்று மனைகள். அக்கம்பக்கத்து நான்கு வீடுகளிலும் நம்மைப் போலவே பூட்டு. தண்ணீர் லாரிக்காரர் வாரம் இருமுறை வருவார். "எனக்கென்ன குறை தம்பி, நிம்மதியா இருக்கேன்" என்பார் அன்னையார். நாமும் நம்பினோம், நம்புவது வசதியாக இருந்தது.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் அலுவலக வேலையாக நண்பகலில் கடைத்தெருவுக்குச் சென்றோம். பேருந்து நிலையத்தின் இருக்கையொன்றில் அன்னையார் அமர்ந்திருந்தார். அருகில் பூக்கட்டும் பெண்மணி. இவர் கையிலும் நார். நம்மைக் கண்டதும் திருடியவரைப் போல எழுந்துவிட்டார். வெற்றிலை வாங்க வந்ததாகச் சொன்னார். வாரத்தில் நான்கு நாள் ஷேர் ஆட்டோவில் வந்து, மூன்று மணி வரை அங்கே உட்கார்ந்திருந்து, நாம் திரும்புமுன் வீடு சேர்ந்துவிடுவார் என்பதைப் பூக்காரப் பெண்மணிதான் சொன்னார். அன்றிரவு நம் வீட்டில் எவரும் சரியாக உணவருந்தவில்லை.

எட்டாம் மாதம் மாறினோம். கடைத்தெருவுக்கும் ரயில் நிலையத்திற்கும் இடையே குறுகிய தெரு. இரண்டே அறைகள், ஒரு குளியலறை, வாடகை அதிகம். பொருள்களில் பாதியை விற்றுவிட்டே வந்தோம். ஆனால் வாசலில் திண்ணை இருந்தது. எதிர்வீட்டார் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து வந்த நெசவுக் குடும்பத்தார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். அவர்கள் பிள்ளைகள் அன்னையாரை "அவ்வா" என்று அழைக்கவே, முதலில் ஏதோ கேலி என்று எண்ணிச் சினந்தார். பாட்டி என்பது பொருளென்று அறிந்தபின், அச்சொல்லுக்கு மட்டுமே திரும்பிப் பார்ப்பவரானார்.

அத்தெருவுக்குக் குறையில்லை என்று நாம் சொல்லவில்லை. அதிகாலை முதல் ஒலிபெருக்கி. கிருத்திகை நாள்களில் தெருமுனையில் தடுப்புக் கட்டைகள், மிதிவண்டிகூட நுழையாது. இந்தக் குறையே நமக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது. அஞ்சியபடியே நடந்தும் விட்டது. 2010 ஆம் ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று நாம் அலுவலகத்தில் இருந்தபோது அன்னையாருக்கு மூச்சு இளைப்புக் கண்டது. ஊர் முழுவதும் மஞ்சளாடையும் காவடியுமாய் நெரிசல். ஆட்டோ வர வழியேயில்லை. காலையில் திண்ணைக்கு வரும் அவ்வா பத்தரை ஆகியும் வரவில்லையே என்று எதிர்வீட்டு அம்மாள் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். பின்னர் அவருடைய மகனும், பக்கத்துப் பழக்கடைக்காரரும் பழவண்டியைக் காலி செய்து, சாக்கை விரித்து, அதில் அவரை அமர்த்திச் சந்துகளின் வழியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். காவடி எடுத்து வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்களாம். செய்தியறிந்து நாம் நெரிசலில் நீந்தி மருத்துவமனையை அடைந்தபோது, அவருக்குப் பிராணவாயு வைத்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் தலைமாட்டில் நின்றார். அவருடைய ஒரு காலில் மட்டுமே செருப்பு இருந்தது.

பழைய வீடாயிருந்தால் அகன்ற சாலை வழியே மருத்துவ வண்டி வாசலுக்கே வந்திருக்கும். அழைப்பதற்கு ஆள்தான் இருந்திராது. இதை எண்ணி நாம் உறங்காத இரவுகள் உண்டு.

மடல் எழுதிய அன்பருக்கு இப்போது நேராகச் சொல்வோம். படங்களை மூடி வையுங்கள். ஆலயம் எவ்வளவு தூரம் என்று நம் வாசகர்கள் முதலில் கேட்பது வழக்கம், நியாயமான கேள்வியே. ஆனால் ஆலயத்திற்கு வாரத்தில் ஒரு நாள் போகிறீர்கள். தெருவிலோ ஏழு நாளும் வாழ்கிறீர்கள். மகளின் பள்ளிக்கு நடந்து போக முடியுமா, மாலையில் டியூஷன் முடிந்து வரும் வழியில் விளக்கு எரிகிறதா என்பவற்றை உங்கள் மனைவி பார்த்துக்கொள்வார்; அவர் கண்ணுக்குத் தப்பாது. தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டாம். அவர் இருபத்து நான்கு மணி நேரமும் என்பார். அடுத்த வீட்டில் குடங்கள் வரிசையாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணியில் சேருமுன் ஒரு வேலை நாளில் தந்தையாரை உடனழைத்துக்கொண்டு திருத்தணிக்குச் செல்லுங்கள். விழா நாளும் வேண்டாம், விடுமுறையும் வேண்டாம். பகல் பதினோரு மணிக்கு, பார்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு தெருவிலும் அவரை இறக்கிவிட்டு, நீங்கள் ஒரு மணி நேரம் வேறெங்காவது போய்விடுங்கள். யார் வீட்டுத் திண்ணையிலேனும் அவரை உட்காரச் சொல்கிறார்களா, தண்ணீர் தருகிறார்களா, எந்த ஊர் என்று விசாரிக்கிறார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். நீங்கள் திரும்பி வந்து அழைக்கும்போது, "இரு, வர்றேன்" என்று எந்தத் தெருவில் சொல்கிறாரோ, அங்கே வாடகை ஐந்நூறு ரூபாய் கூடினாலும் பேசி முடித்துவிடலாம். முன்பணத்திற்கு ரசீது வாங்க மறக்க வேண்டாம்.