20 வயதில் இதய ஆபரேஷன்... 3 ஆண்டுகளில் ஹாட்ரிக்! - கானு மீண்டுவந்த கதை

1996 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் அட்லான்டா ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் வாங்கிய கையோடு, நைஜீரிய இளைஞர் ஒருவர் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தார். கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம். வயது 20. ஐரோப்பாவின் பெரிய கிளப்களில் ஒன்றான இன்டர் மிலன் அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. புதிதாகச் சேரும் எல்லா வீரர்களுக்கும் நடக்கும் மெடிக்கல் டெஸ்ட் அவருக்கும் நடந்தது.

ரிசல்ட்டைப் பார்த்து கிளப்பே அதிர்ந்துபோனது. இதய வால்வில் கோளாறு. அதுவும் சாதாரணக் கோளாறு இல்லை.

அந்த இளைஞர்தான் நுவான்கோ கானு.

ஜப்பானில் தொடங்கிய பயணம்

நைஜீரியாவின் ஓவெரி நகரில் 1976-ல் பிறந்தவர் கானு. 1993-ல் ஜப்பானில் நடந்த 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக்கோப்பையை நைஜீரியா வென்றது. அந்த அணியில் கலக்கிய கானுவை நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப் அழைத்துக்கொண்டது. பதின்ம வயதில் ஊரைவிட்டு ஆம்ஸ்டர்டாம் போன பையனுக்கு மொழி புதுசு, சாப்பாடு புதுசு, குளிரும் புதுசு. ஆனால், பந்து பழையதுதானே! மூன்று சீசன்களில் மூன்று லீக் பட்டங்கள். 1995-ல் ஏ.சி. மிலனை வீழ்த்தி அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற இறுதிப்போட்டியிலும் மாற்று வீரராகக் களமிறங்கினார்.

அடுத்து ஒலிம்பிக். அரையிறுதியில் எதிரணி பிரேசில். ரொனால்டோ, ரிவால்டோ, பெபெட்டோ, ராபர்ட்டோ கார்லோஸ் என நட்சத்திரப் பட்டாளம். 1-3 எனப் பின்தங்கியது நைஜீரியா. ஒரு கோல் திரும்பி வந்த நிலையில், கடைசி நிமிடத்தில் கானு அடித்த கோல் ஸ்கோரைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் 4-வது நிமிடத்தில் அவரே வெற்றி கோலையும் அடித்தார். மறுநாள் அவருக்கு 20-வது பிறந்தநாள்! இறுதிப்போட்டியில் அர்ஜென்டினாவையும் வென்று, ஒலிம்பிக் கால்பந்தில் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க நாடானது நைஜீரியா.

இப்படி ஓடிய ஒருவருக்குத்தான் இதயத்தில் பிரச்னை என்றார்கள் டாக்டர்கள்.

என்ன பிரச்னை?

இதயத்திலிருந்து உடல் முழுக்க ரத்தம் போகும் வாசலில் ஒரு கதவு இருக்கிறது. அதுதான் அயோர்டிக் வால்வு. ரத்தம் வெளியே போகும்போது திறக்கும், போனதும் இறுக மூடிக்கொள்ளும். இந்தக் கதவு சரியாக மூடாவிட்டால், வெளியே போன ரத்தத்தில் ஒரு பங்கு திரும்ப உள்ளேயே வந்துவிடும். அதையும் சேர்த்துத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்கும். நாளாக ஆக இதயம் வீங்கி, பலவீனமாகும். இதில் மோசமான விஷயம், பல ஆண்டுகள் வெளியே எதுவுமே தெரியாமல் இருக்கலாம் என்பதுதான். விளையாட்டு வீரர் என்றால் கேட்கவே வேண்டாம். 'இவ்வளவு ஓடுறான், இவனுக்கு என்ன?' என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

கானுவின் கால்பந்து வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால், கிளப்பின் தலைவர் மாசிமோ மொராட்டி அவரைக் கைவிடவில்லை. 1996 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் வால்வு ஆபரேஷன் நடந்தது. அதே ஆண்டுக்கான ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

மறுபடியும் முதலிலிருந்து...

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவர் மறுநாளே ஓட முடியாது. நடை, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு பந்து என ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 1997 ஏப்ரலில்தான் கானு கிளப்புக்குத் திரும்பினார். திரும்பினாலும் இன்டரில் வாய்ப்புகள் குறைவு. இத்தாலிய லீக்கில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல்தான்.

1999-ன் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி அவரை வாங்கியது. இதய ஆபரேஷன் முடித்த ஒருவர், வேகத்துக்கும் மோதலுக்கும் பெயர்போன இங்கிலாந்து கால்பந்தில் தாக்குப்பிடிப்பாரா?

அக்டோபர் 23, 1999. செல்சி அணியின் சொந்த மைதானத்தில் ஆர்சனல் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. ஆட்டம் முடிய கால் மணி நேரம்தான் இருந்தது. கானு ஒரு கோல் அடித்தார். சில நிமிடங்களில் இன்னொன்று. கடைசியில், கோல் கோட்டை ஒட்டிய ஓரத்தில், முன்னேறி வந்த கோல்கீப்பரை ஏமாற்றிவிட்டு, கோணமே இல்லாத இடத்திலிருந்து பந்தை வலைக்குள் அனுப்பினார். ஹாட்ரிக்! ஆர்சனல் 3-2 என வென்றது. ஆபரேஷன் முடிந்து அப்போது மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்த ஆண்டும் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் அவர்தான்.

2003-04 சீசனில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காத ஆர்சனல் அணியிலும் கானு இருந்தார். 2008-ல் போர்ட்ஸ்மவுத் அணிக்கு எஃப்.ஏ. கோப்பையை வென்று தந்த ஒரே கோலும் அவருடையதுதான். மூன்று உலகக்கோப்பைகளில் ஆடிவிட்டு, 2012-ல் ஓய்வுபெற்றார்.

பணமில்லாத குழந்தை என்ன செய்யும்?

ஆனால், கானு மறக்காத கேள்வி ஒன்று உண்டு. தனக்குப் பெரிய கிளப் இருந்தது. டெஸ்ட் எடுத்தார்கள், சிகிச்சைக்கு அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அதே கோளாறோடு பிறந்த ஏழைக் குழந்தைக்கு யார் இருக்கிறார்கள்?

2000-ல் அவர் தொடங்கிய 'கானு ஹார்ட் ஃபவுண்டேஷன்' அதற்கான பதில். ஆப்பிரிக்கக் குழந்தைகளை இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு அனுப்பி இதய ஆபரேஷன் செய்யவைக்கிறது இந்த அமைப்பு. நூற்றுக்கணக்கான குழந்தைகள் இதனால் பிழைத்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் கானுவைப் போல நேரத்தில் தெரிந்துவிடுவதில்லை. 2003-ல் பிரான்ஸின் லியோன் நகரில், கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார். வயது 28. பரம்பரையாக வரும் இதயத்தசை நோய்தான் காரணம் எனப் பிறகு தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் விளையாடும் பிள்ளைகள் இருக்கலாம். ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மற்ற பிள்ளைகளைவிட அதிகமாக மூச்சு வாங்கினாலோ, 'வெயில்ல ஆடினா அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ டெஸ்ட்டுகளில் பெரும்பாலான கோளாறுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

மிலனில் எடுத்த அந்த டெஸ்ட்தான் கால்பந்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது என்று அன்றைக்குத் தோன்றியது. கானு அதன் பிறகு 15 ஆண்டுகள் ஆடினார்!