கண் திறவாத முயற்குட்டிகள்

பிள்ளைகளின் ஓயாத வேண்டுதலுக்கு இணங்கி முயல் வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இரண்டும் பெண் என நம்பி வாங்கிய சோடியில் ஒன்று ஆணாக இருந்துவிடுவது புதுமையன்று; இளம் முயல்களில் ஆண், பெண் பிரித்தறிவது அத்துணை கடினம். தாய்முயல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிக் கூட்டின் மூலையிற் குவிக்கத் தொடங்கினால், ஏறத்தாழ 31 நாட்களுக்கு முன் கருவுற்றிருக்கக்கூடும். அதன்பின் செய்யவேண்டியவற்றை இவ்வாரம் நோக்குவோம்.

முதலில் ஆண் முயலை வேறு கூட்டுக்கு மாற்றவேண்டும். குட்டி ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருவுறக்கூடும். தாயை இடம் மாற்றலாகாது.

குட்டிகள் மயிரின்றி, கண் திறவாது, காது கேளாது பிறக்கின்றன. தம் உடற்சூட்டைத் தாமே காக்க அவற்றால் இயலாது. ஆகவே உலர்புல் பரப்பிய, குட்டிகள் தவழ்ந்து வெளியேற முடியாத விளிம்புடைய பெட்டி ஒன்று தேவை. தாய் பிடுங்கிய மயிரை அகற்றாது அதனுள்ளேயே இடவேண்டும். கைகளைக் கழுவி, கூட்டின் உலர்புல்லில் தேய்த்தபின், நாளுக்கு ஒருமுறை குட்டிகளைப் பார்வையிடுதல் அவசியம். இறந்த குட்டி இருப்பின் உடனே அகற்றவேண்டும். மனிதக் கை பட்டால் தாய் கைவிட்டுவிடும் என்ற அச்சம் பழகிய முயலைப் பொறுத்தவரை பெரும்பாலும் வேண்டாதது.

இதனிலும் ஆபத்தானது வேறொரு தவறான எண்ணம். தாய்முயல் குட்டிகளின் அருகே இருப்பதில்லை. நாளுக்கு ஒரு முறை, சில வேளை இரு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியற்பொழுதிலோ, மூன்று முதல் ஐந்து நிமிடம் மாத்திரமே பாலூட்டுகிறது. காட்டில் எதிரிகளின் கவனத்தைக் கூட்டின்பால் ஈர்க்காதிருக்க இயற்கை வகுத்த வழி இது. இதை அறியாதோர், தாய் கைவிட்டுவிட்டது என எண்ணிக் குட்டிகளை எடுத்துப் பசுப்பால் புகட்டுகின்றனர். பசுப்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 வீதம். முயற்பாலிலோ 10 வீதத்திற்கும் மேல். அன்றியும், வற்புறுத்திப் புகட்டும் பால் நுரையீரலுட் சென்று குட்டியைக் கொன்றுவிடலாம்.

எனவே தாயை அன்று, குட்டியின் வயிற்றை நோக்குக. அது உருண்டு திரண்டிருந்தால் பால் கிடைத்துள்ளது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, உடல் குளிர்ந்திருந்தால் தாமதியாது மிருக வைத்தியரை நாடவேண்டும். குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் கொடுத்தலாகாது. துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலின் அருகே வைத்து முதலில் சூடேற்றவேண்டும். சமையலறைத் தராசில் நாள்தோறும் நிறுத்துக் குறித்துவருதல் நன்று. ஒரு வார அளவில் பிறந்த எடை இரு மடங்காகும்.

பத்தாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் கண்கள் திறக்கும். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் வெளியே வந்து உலர்புல்லைக் கறிக்கத் தொடங்கும். அப்போது உணவைத் திடீரென மாற்றினால் வயிற்றோட்டம் கண்டு இறக்க நேரிடும். கீரையும் கரட்டும் சிறிது சிறிதாகவே வரட்டும்.

எட்டு வாரம் வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காதிருத்தலே நலம். முதல் எட்டு வாரங்களில் இளம் முயலைத் தனியே வைத்தலாகாது என்பது சுவிஸ் நாட்டின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளிலும் பொதுவிதியாக உள்ளது. மூன்றாம் மாதம் நிறையுமுன் வைத்தியரிடம் காட்டி ஆணையும் பெண்ணையும் பிரித்துவிடவேண்டும். இன்றேல் உடன்பிறந்தவையே இனம்பெருக்கும்.

எத்துணை கவனித்தாலும் எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை. முதல் வாரத்திலேயே இழப்பு மிகுதி. இதனைப் பிள்ளைகளுக்கு முன்னரே எடுத்துரைத்தல் பெற்றோராகிய நமது கடமையாகும். ஒவ்வொரு காலையும் குட்டிகளை எண்ணிப் பார்ப்பவர்கள் அவர்களல்லவா?