எதை எண்ணுகிறார்கள்?

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளிகள் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. காப்பகங்கள் பதிவு பெற வேண்டும், மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை வேண்டும் என்கிறது. சரிதான். தணிக்கைக்கு வர்றவங்க கட்டிலையும் பதிவேட்டையும் எண்ணிட்டுப் போனாப் போதுமா? எத்தனை பேர் தேறி வீடு திரும்பினார்கள், எத்தனை பேரைக் கட்டிப் போட்டார்கள் என்பதல்லவா கணக்கு?

சிகிச்சையில் சாதிப் பாகுபாடு கூடாதென்று அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. எழுதி வைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பார்களாம்? பெண்ணாடத்துச் சேரியிலிருந்து போகிறவருக்கு எத்தனை நாள் வைத்தியம், எத்தனை நாள் அலைச்சல்னு சாதிவாரியாக் கணக்கு வேணும். தோழர்களே, மாநில மனநல ஆணையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கேளுங்கள்.