வீடும் வாகனமும்: கிளச் மிதி தரையைத் தொட்டால்...



கித்துல்கலயைச் சேர்ந்த சகோதரி ஒருவர் தம் அனுபவத்தை என்னிடம் சொன்னார். அவரது கணவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய வேன் ஒன்றை ஓட்டுகிறார். ஒருநாள் கினிகத்தேனை ஏற்றத்தில் கியர் விழவில்லை. மிதித்த கிளச் தரையோடு போய்விட்டது. பிள்ளைகளை இறக்கி, சில்லுக்குக் கல் வைத்துத்தான் வாகனத்தை நிறுத்தினாராம். கராஜில் பார்த்தவர், "கிளச் பிளேட் முடிந்துவிட்டது, கியர்பெட்டியை இறக்க வேண்டும்" என்றார். தோட்டை அடகு வைக்கப் புறப்பட்ட சகோதரி, இன்னொருவரிடமும் காட்டிவிடுவோம் என்று நினைத்தார். குற்றம் பிளேட்டில் இல்லை. ஒரு சிறிய ரப்பர்தான் தேய்ந்திருந்தது!

நாம் திருத்த வேண்டியதில்லை. ஆனால் எங்கே குற்றம் என்று தெரிந்திருந்தால் வீண் செலவும் ஆபத்தும் குறையும்.

முதலில் வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். மிதியை அமுக்கும்போது அதனருகே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளுகிறது. ஒயில் குழாய் வழியே கீழே கியர்பெட்டிப் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகிறது. அது ஒரு கம்பியைத் தள்ள, கிளச் விடுபடுகிறது. இடையில் ஒயில் கசிந்தாலோ காற்றுப் புகுந்தாலோ தள்ளும் பலம் போய்விடும்.

இனி, வரிசையாகச் சோதிப்போம்.

1. என்ஜினை நிறுத்திவிட்டுக் கியர் போடுங்கள். இலகுவாக விழுகிறதா? என்ஜின் ஓடும்போது மட்டும் விழ மறுத்து, ரிவர்ஸ் போடுகையில் 'கரகர' என்கிறதா? அப்படியானால் கிளச் முழுதாக விடுபடவில்லை.

2. ஒயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. சில வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே டப்பா. அங்கே ஒயில் குறைவது பிரேக்குக்கும் ஆபத்து என்பதை மறவாதீர்கள்.

3. மிதிக்கு மேலே, உள்பக்கம் ஈரமா? மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரமா? குற்றம் அங்கேதான்.

4. இரண்டு மூன்று முறை விரைவாக மிதித்தால் மிதி மேலே வந்து கியர் விழுகிறதா? ஒயிலில் காற்று இருக்கக்கூடும். காற்றை எடுத்தும் மீண்டும் வந்தால் கசிவைத் தேட வேண்டும்.

5. வெளியே கசிவே இல்லை, ஆனால் மிதியை அமுக்கிப் பிடித்திருக்க அது மெல்ல மெல்ல இறங்குகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்து, ஒயில் உள்ளுக்குள்ளேயே பின்வாங்குகிறது.

6. என்ஜின் இரைகிறது, வாகனம் ஏற மறுக்கிறது, கருகல் வாடை வருகிறது என்றால் அது வேறு கதை. அப்போதுதான் பிளேட்டைச் சந்தேகிக்க வேண்டும். கிளச்சில் பாதிக் கால் வைத்தபடி மலையேறுவோருக்கு இது சீக்கிரம் வரும்.

காற்றெடுக்க இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரிலுள்ள சிறு நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். டப்பாவில் ஒயில் வற்றவும் விடக்கூடாது.

கவனிக்க வேண்டியவை: பெரும்பாலான வாகனங்களுக்கு டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயில்தான். எது என்று மூடியில் எழுதியிருக்கும். அவசரத்துக்கு என்ஜின் ஒயில் ஊற்றினால் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழை ஓயாத நம் பக்கத்தில் திறந்து நாளான போத்தலைப் பாவிக்க வேண்டாம். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

அந்தச் சகோதரியின் தோடு இன்றும் காதில்தான் இருக்கிறது. அதைவிட, தினமும் காலையில் வேன் புறப்படுமுன் ஒயில் டப்பாவைப் பார்ப்பது இப்போது அவருடைய வேலை. "இருபது பிள்ளைகளின் தாய்மார் நம்மை நம்பித்தானே அனுப்புகிறார்கள்" என்கிறார்.

நீங்களும் நாளைக் காலை ஒருமுறை பார்த்துவிடுங்களேன்!