பணியிடத்தில் காயம்படும் தொழிலாளருக்கும் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா சிகிச்சை வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்குவாரி, கிரஷர், சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை ஒப்பந்தத் தொழிலாளர்கள் சார்பில், சங்க நிர்வாகிகள்.

பெறுநர்:
1. மாவட்ட ஆட்சித் தலைவர்கள், பெரம்பலூர் மற்றும் அரியலூர்.
2. இணை இயக்குநர்கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.
3. தொழிலாளர் துறை மற்றும் தொழிலகப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை அலுவலர்கள்.

பொருள்: பணியில் காயமடைந்த தொழிலாளர்களுக்கான மருத்துவ சிகிச்சையை மேம்படுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மையீர்,

ஆலத்தூர் வட்டத்துப் பாறையை உடைத்து ஜல்லியாக்குவதும், அரியலூர் மண்ணிலிருந்து சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புவதும் எங்கள் வேலை. அந்த வேலையில் அடிபட்டால் எங்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை குறித்து இம்மனுவைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் வலது கை கிரஷரின் கன்வேயர் பெல்ட்டில் சிக்கி இரண்டு விரல்கள் துண்டாயின. உடன் வேலை செய்தவர்கள் அந்த விரல்களைத் துண்டில் சுற்றி, பெட்டிக்கடையில் வாங்கிய ஐஸ் கட்டிகளுக்குள் புதைத்து எடுத்துப் போனார்கள். முதலில் போன மருத்துவமனையில் கட்டுப் போட்டு, "திருச்சிக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். திருச்சி போய்ச் சேர்ந்தபோது விரல்களை ஒட்ட வைக்க முடியாது என்றாகிவிட்டது. ஐஸில் நேரடியாகப் பட்ட சதை கெட்டுப்போகும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். இதை அங்கிருந்த எவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. அவர் அரை மயக்கத்தில் கிடந்தபோது, கூட வந்த மேற்பார்வையாளர் சொன்னபடி விபத்துப் பதிவேட்டில் "பைக்கிலிருந்து விழுந்து காயம்" என்று எழுதப்பட்டது. பின்னாளில் இழப்பீடு கேட்டபோது அந்தப் பதிவேட்டின் நகலே (ஏ.ஆர். காப்பி) அவருக்கு எதிரான சாட்சியானது.

அப்படி எழுத வைக்கும் காரணம் ஒன்று உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவர் எந்த மாநிலத்தவரானாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி சிகிச்சை பெறுகிறார். பல உயிர்களைக் காக்கும் இத்திட்டத்தை மனமார வரவேற்கிறோம். ஆனால் தார்ச்சாலையில் விழுந்தவருக்குக் கிடைப்பது குவாரிப் பள்ளத்தில் விழுந்தவருக்கு இல்லை. அதனால் சிகிச்சைக்காகப் பொய் சொல்கிறோம். அந்தப் பொய்யால் இழப்பீட்டை இழக்கிறோம்.

சிகிச்சைக்கு இன்னொரு வழி ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. அதன் பழைய சட்டம் சுரங்கங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தக் கதவைத் திறந்திருக்கிறது: பத்துப் பேர் வேலை செய்தால் போதும், அபாயகரமான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒருவர் இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும். ஆனாலும் படுக்கை வசதியுள்ள ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு நாங்கள் திருச்சிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூர் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பலர் உயிரிழந்தார்கள். அப்படி ஒரு நாள் மறுபடியும் வந்தால் தாங்கும் வலிமை நம் இரு மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வேண்டும்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. முதல் 48 மணி நேரக் கட்டணமில்லா சிகிச்சையைப் பணியிட விபத்துகளுக்கும் விரிவுபடுத்த அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்களும் இதில் அடங்க வேண்டும்.

2. விபத்துப் பதிவேட்டில் காயம்பட்ட இடம், செய்துகொண்டிருந்த வேலை, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றைக் காயமடைந்தவரிடமே கேட்டு எழுத வேண்டும். அவர் பேச முடியாத நிலையில் இருந்தால், நினைவு திரும்பியதும் மறுபடி கேட்டுப் பதிய வேண்டும். வீடு திரும்பும்போது நகல் கையில் தரப்பட வேண்டும்.

3. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும், பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் எலும்பு, மயக்கவியல், ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர்கள் இரவு பகலாகப் பணியில் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். தீக்காயப் பிரிவும் ரத்த இருப்பும் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும்.

4. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியும், 500 பேருக்கு மேற்பட்ட ஆலையில் ஆம்புலன்ஸ் அறையும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே கட்டாயம். பெட்டிக்குள் மருந்து இருக்கிறதா என்று திறந்து பார்த்து ஆய்வு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் முதலுதவிப் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். குவாரிகள் நெருங்கியுள்ள பகுதிகளில் 108 வாகனம் நிறுத்த வேண்டும்.

5. குவாரி, கிரஷர், சுரங்கத் தொழிலாளர் அனைவரையும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, ஈ.எஸ்.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும். இரு மாவட்டங்களிலும் உள்நோயாளி சிகிச்சைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

6. கட்டுப் பிரித்த பின்னும் சிகிச்சை தொடர வேண்டும். பிசியோதெரபி, செயற்கை உறுப்பு, மாற்றுத்திறனாளி சான்று ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும்.

7. கல்தூசியால் வரும் சிலிகோசிஸும் பணியிடக் காயமே. இருமலோடு வருபவருக்குக் காசநோய் மருந்து தருவதோடு நிறுத்தாமல், என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு, எக்ஸ்ரே எடுத்து முறையாகப் பதிய வேண்டும்.

8. மேற்கண்டவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தொழிலாளர் பிரதிநிதிகளுடன் ஆட்சியர் தலைமையில் ஆய்வு செய்ய வேண்டும்.

இம்மனுவின் கீழுள்ள கையெழுத்துகளில் விரலிழந்த அந்த உறுப்பினருடையதும் ஒன்று. இடது கையால் எழுதப் பழகிப் போட்டிருக்கிறார். அவருக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேராமலிருக்கத் தாங்கள் உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.



இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்